என் அப்பா படித்த நுழைவுத் தேர்வு

சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டது நான் ஒருத்திதான். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் படித்தவர்கள் இரண்டு பேர். நான் ஒன்று, என் அப்பா ஒன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், ஆங்கிலத்தில் தன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே முந்திரிக்கொல்லை வைத்திருக்கும் வைரக்கண்ணு என்கிற அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

அப்பாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய கேஸைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். ஊரில் சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கட்சி, சிலருக்குக் கிரிக்கெட். அப்பாவுக்குக் கேஸ். எதிராளி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா அரியமுத்து. தாத்தா பிரித்துக் கொடுத்த கொல்லையில் மேல்பாதி பெரியப்பாவுக்கு, கீழ்ப்பாதி எங்களுக்கு, நடுவில் எல்லைக்கல். கல்லுக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணில், ஒரு முந்திரி மரம் நிற்கிறது. நிற்கிறது என்று சொல்வதுகூடத் தப்பு. முந்திரி மற்ற மரங்களைப்போல நேராக மேலே போகாது, படுத்துக்கொண்டு வளரும். இடுப்பு உயரத்தில் கிளையைப் பரப்பி, பக்கத்தில் யாருடைய இடம் என்றெல்லாம் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கும். அப்படி எங்கள் மரத்தின் பாதி, பெரியப்பா பக்கம் போய்ப் படுத்துவிட்டது. கோடையில் பழம் உதிரும்போது அந்தப் பக்கம் விழுந்த கொட்டையைப் பெரியம்மா பொறுக்கினார். மரம் என்னுடையது, அதனால் கொட்டையும் என்னுடையது என்றார் அப்பா. என் மண்ணில் விழுந்தது எனக்கு என்றார் பெரியப்பா. அவ்வளவுதான் கேஸ். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது போட்டது, நான் பிளஸ் டூ வந்த பிறகும் நடந்துகொண்டிருந்தது.

வாய்தா நாளில் அப்பாவைப் பார்க்கவேண்டுமே. சொந்தக்காரர் கல்யாணத்துக்கே கசங்கிய சட்டையோடு கிளம்புகிறவர், கோர்ட்டுக்கு மட்டும் மாப்பிள்ளை மாதிரி கிளம்புவார். காலையில் எங்கள் ஊரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஒன்றுதான் என்பதால் பெரியப்பாவும் அதே பஸ்ஸில் ஏறுவார். ஒருவர் முன்வாசல், ஒருவர் பின்வாசல். திரும்பும்போது கூட்டமாக இருந்தால் முதலில் ஏறியவர் மற்றவருக்கும் சேர்த்துத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். பேச்சு மட்டும் கிடையாது. இது என்ன கூத்து என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, கோர்ட்டில்தான் எதிரி, பஸ்ஸில் அண்ணன்தானே என்று அப்பா பதில் சொன்னார். சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார்.

நான் சட்டம் படிக்க ஆசைப்பட்டது இந்தக் கேஸால்தான் என்று ஊரே நினைத்தது. சத்தியமாக இல்லை. தென்றல் என்று பெயர்தானே தவிர, எனக்கு வாய் அதிகம். சின்ன வயதிலிருந்து அதற்காகவே திட்டு வாங்கி வளர்ந்தவள் நான். இந்த வாய்க்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் எங்கள் ஆங்கில டீச்சர் லீலா மேரி. வரதராசன்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவர் திருச்சிக்கு ஒரு வேலையாகப் போனபோது எங்கள் வகுப்பில் மூன்று பேரை அழைத்துக்கொண்டு போய் அங்கே இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தைக் காட்டினார். நூலகத்தில் என் வயதுப் பெண்ணொருத்தி நான்கு புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கையோடு உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் நான் உட்காரவேண்டும் என்று அங்கேயே மனதில் விழுந்துவிட்டது. மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொள்கிற சட்டக் கல்லூரிகளும் இருக்கின்றன, அதிலும் போடு என்று டீச்சர் சொன்னார். எனக்கு வேறெதுவும் வேண்டாம், இதுதான் வேண்டும் என்றேன். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அங்கே நுழைய கிளாட் என்று ஒரு தேர்வு. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும், இரண்டு மணி நேரம். எல்லாமே ஆங்கிலம், பக்கம் பக்கமாகப் பத்திகள், பத்திக்குக் கீழே கேள்விகள். இதை ஊரில் ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை. நீட்டா என்பார்கள். இல்லை, கிளாட் என்பேன். ஓகோ, டாக்டருக்கா என்பார்கள். இல்லை, வக்கீலுக்கு என்றால், வக்கீலுக்கு எதற்குப் பரீட்சை, கறுப்புக் கோட்டு வாங்கினால் போதாதா என்று கேட்டார் மளிகைக்கடைக்காரர். இன்னொரு பக்கம், நான் விண்ணப்பம் போட்ட மறுநாளே பட்டா மாற்றுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பாப்பா இப்போது வந்துவிடும் என்று சொன்னவர் அப்பா.

டீச்சர் வழியாக எனக்கு இலவசமாக ஓர் ஆன்லைன் வகுப்பு கிடைத்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டில் போன் சிக்னல் எடுக்காது. எடுக்கும் இடம் எது தெரியுமா, பெரியப்பா வீடு. பெரியப்பா மகன் பிரசாத் அண்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், ஊருக்கு வந்தால் இங்கிருந்தே வேலை செய்வதற்காக வீட்டில் வைஃபை போட்டிருந்தார். பெரியவர்கள் பேசிக்கொள்ளமாட்டார்களே தவிர, பிள்ளைகள் போய்வருவதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. பெரியம்மா எனக்கென்று கூடத்தில் ஒரு மேஜையை ஒழித்துக் கொடுத்தார், வகுப்பு முடிவதற்குள் ஒரு டீயும் வந்துவிடும். அந்த மேஜையில்தான் என் கல்லூரி இருக்கிறது என்று நான் நம்பினேன்.

தொல்லையெல்லாம் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். மாதிரித் தேர்வுத் தாளை விரித்து வைத்தால் அப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதில் என்ன போட்டிருக்கிறது என்று தமிழில் சொல்லவேண்டும். சட்டப் பகுதியில் முதலில் ஒரு விதியைக் கொடுப்பார்கள், பிறகு ஏ இப்படிச் செய்தான், பி அப்படிச் செய்தான், யார்மேல் தப்பு என்று கேட்பார்கள். கொடுத்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லவேண்டும், நம் சொந்த அபிப்பிராயத்தைக் கொண்டுவரக் கூடாது. இதை அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

“ஏ-ங்கறவன் யாரு?” என்பார்.

“யாருமில்லப்பா. சும்மா ஒரு பேரு.”

“எந்த ஊரு?”

“ஊருல்லாம் கெடையாதுப்பா.”

“ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா, பங்காளியா, வெளி ஆளா? அது தெரியாம எப்புடி பாப்பா தீர்ப்பு சொல்றது?”

ஒரு நிமிடத்தில் முடிக்கவேண்டிய கேள்வி எங்கள் வீட்டில் அரை மணி நேரம் நடக்கும். அப்பா இரண்டு தரப்பையும் விசாரிப்பார். பி மேல் பரிதாபப்படுவார். விடைக்குறிப்பில் ஏ பக்கம் தீர்ப்பு என்று இருந்தால், இது காசு வாங்கிக்கொண்டு எழுதிய விடை என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனால், மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வந்து, அந்த பி அப்பீல் போகலாம் இல்லையா என்று கேட்பார்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் வந்து சேர்ந்தது அந்தத் தாள். பத்தியை வாசித்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஏயின் நிலத்தில் ஒரு மரம், அதன் கிளைகள் பியின் நிலத்துக்குள் நீண்டிருக்கின்றன, அங்கே விழுந்த பழங்களை பி எடுத்துக்கொள்கிறான். பழம் யாருக்கு? கொடுத்திருந்த விதிப்படி, மரம் யாருடையதோ பழமும் அவருக்கே. நான் பேசாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கவேண்டும். ஆனால் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அதையும் தமிழில் சொல்லிவிட்டது.

அப்பா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு எழுத்துகூடப் புரியாமல், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நம் மரத்தை அச்சிலேயே போட்டுவிட்டார்கள் என்றார். இது ஒரு பயிற்சிக்காக யாரோ உட்கார்ந்து எழுதியது, கோர்ட் சொன்னது இல்லை, நிஜ மரம் இல்லை, ஏயும் இல்லை பியும் இல்லை என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். வக்கீலாகிறவர்கள் எல்லாரும் இதைத்தானே படிக்கிறார்கள், அப்படியானால் நாளைக்கு ஜட்ஜாக வருகிறவரும் இதைப் படித்தவர்தானே என்று கேட்டார்.

மறுநாள் கோர்ட்டில் வாய்தா, என் பையிலிருந்து அந்தத் தாளைக் காணவில்லை. மதியம் அப்பா ஜெயங்கொண்டத்திலிருந்து திரும்பினார். ஜெராக்ஸ் எடுத்திருந்தார். ஒரு பிரதியை லேமினேட் வேறு செய்திருந்தார். அதைக் கொண்டுபோய் எங்கள் வக்கீலிடம் காட்டியிருக்கிறார். பரீட்சைக் கேள்வியையெல்லாம் கோர்ட்டில் கொடுக்க முடியாது என்று வக்கீல் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாகப் போதாது என்பது அப்பாவின் முடிவு. அதோடு விட்டாரா? வரும்போது பஸ்ஸில் பெரியப்பாவுக்கென்று பிடித்து வைத்த இடத்தில், துண்டுக்குப் பதிலாக ஒரு ஜெராக்ஸை வைத்திருக்கிறார். பெரியப்பா அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாராம். ஆள் ஆடிப்போய்விட்டான் என்று அன்று முழுதும் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு தாளில் ஒரு கேள்வி மட்டுமா இருக்கும்? தான் கொடுத்த பக்கத்தில் வேறு என்ன அச்சடித்திருக்கிறது என்று அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரியப்பா கேட்டார். பக்கத்தைப் படம் பிடித்துப் பிரசாத் அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் பாவம், இது எதற்கு என்று தெரியாமலே முழுப் பக்கத்தையும் போனில் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கேள்வி, தன் நிலத்துக்குள் நீண்டு வந்த கிளையை பி எல்லைவரை வெட்டலாமா என்பது. வெட்டலாம் என்பதற்கு நேராக டிக் போட்டிருந்தது. போட்டவள் நான்.

சனிக்கிழமை காலையில் மெஷின் ரம்பம் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடினேன். அதற்குள் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த கிளைகள் எல்லாம் தரையில் கிடந்தன. பூவுக்கு முன்னால் வருகிற செந்தளிர் விட்டிருந்தன. மரம் ஒரு பக்கம் மொட்டையாக, பார்க்கவே என்னவோபோல் இருந்தது. அப்பா லேமினேட் செய்த தாளை நீட்டிக்கொண்டு நின்றார். பெரியப்பா போனை நீட்டிக்கொண்டு நின்றார். ஏழு வருடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள், முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி, ஏ, பி, ஆன்சர் என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், தென்றல் வந்துவிட்டது, அதையே கேட்போம் என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத் தலையிலிருந்து புகையே வந்திருக்கும். இது மாதிரித் தேர்வு, யாரோ கம்ப்யூட்டரில் தட்டிப் போட்டது, நீங்கள் ஏயும் இல்லை பியும் இல்லை, உங்கள் இரண்டு பேருக்கும் புத்தியும் இல்லை என்று கத்தினேன். பெரியவர்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது என்று பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இனிமேல் உன் பெண் என் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார். என் பெண் உன் வாசற்படியை மிதிக்கமாட்டாள் என்றார் அப்பா. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, என் மேஜை போய்விட்டது.

சிக்னல் எடுக்கிற இன்னொரு இடம் பெரியப்பா வீட்டுக்கு எதிரே இருக்கும் தண்ணீர்த்தொட்டியின் படிக்கட்டு. அங்கே போய் உட்கார்ந்தேன். காற்றடித்தால் ஒரு வார்த்தையும் கேட்காது. மழை வந்தால் இறங்கி ஓடவேண்டும். ஆடு மேய்க்கிறவர்கள் கீழே நின்று, என்ன பாப்பா, வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்கள். முழுநீளத் தேர்வு ஒன்றைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் அறுந்து, எழுதியது அவ்வளவும் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்து, கிளை வெட்டியதற்குத் தனியாக ஒரு கேஸ் போடலாமா என்று என்னிடமே கேட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை.

“உங்க கொட்டைக்காவ நான் பரீட்சை எழுதலப்பா, எனக்காவ எழுதறேன். இந்த ஒரு சீட்டுதான் எனக்கு வேணும். அது போச்சுன்னா உங்களாலதான் போச்சு. நீங்க ஏயாவும் அவுரு பியாவும் ஆயுசு பூரா கெடங்க. என்னைய வுட்டுருங்க.”

அப்பா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன், அவ்வளவு கோபம் எனக்கு.

மறுநாள் மாலை தொட்டிப் படிக்கட்டில் உட்கார்ந்து வகுப்புக்குக் காத்திருந்தபோது, அப்பா கோர்ட்டுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் வருவதைப் பார்த்தேன். பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது, எங்கே கிளம்பிவிட்டார் என்று யோசித்தேன். நேராகப் பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றார் அப்பா.

பெரியப்பா திரும்பினார்.

“கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன். புள்ளைய உள்ள வுடு.”

பெரியப்பா வாளியைக் கீழே வைத்தார். “கொட்டை?” என்று கேட்டார்.

“நீயே பொறுக்கிக்க.”

அப்பா கேட்டை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். படிக்கட்டில் நான் இருப்பதை அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் பார்த்ததுபோல் காட்டிக்கொள்ளமாட்டார். இந்த மனிதர் கடைசிவரை முரண்டு பிடித்திருந்தால் நிம்மதியாகத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். எதிரில் பெரியம்மா வாசலுக்கு வந்து, கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார்.

அடுத்த வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய்க் கேஸை முடித்துக்கொண்டு வந்தார்கள். இனிமேலாவது எனக்கு விடிவுகாலம் என்று நினைத்தேன். நினைப்புதான். கேஸ் இல்லாத அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. மாலையில் என் வகுப்பு ஆரம்பித்தால் பெரியப்பா வீட்டு நிலைப்படியில் வந்து உட்கார்ந்தார். பெரியப்பாவுக்கும் அதே கதிதான், அவர் நாற்காலியை இழுத்து என் மேஜைக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். அடிப்படை உரிமைகளைப் பற்றி ஆங்கிலத்தில் பாடம் நடக்கும். ஒருவர் இந்தப் பக்கமிருந்து, சார் என்ன சொல்கிறார் என்பார். மற்றவர் அந்தப் பக்கமிருந்து, அந்த ஏ யார், எந்த ஊர் என்பார். முன்பு ஒருவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது இரண்டு பேர். பெரியப்பாவுக்குக் காது வேறு மந்தம். நான் மைக்கை மூடிவைத்துக்கொண்டு படித்தேன்.

தேர்வு நாளன்று அப்பாதான் திருச்சிக்குக் கூட வந்தார். தேர்வு எழுதுகிறவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். மரத்தடியில் காத்திருந்த மற்ற பெற்றோர்களிடம் போய், உங்கள் பிள்ளைக்கு என்ன கேஸ் என்று விசாரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

தேர்வு எனக்குச் சரியாக வரவில்லை. பொது அறிவில் எங்கேயோ ஒரு நாட்டுத் தேர்தலைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள். தொட்டிப் படிக்கட்டில் விட்டுப்போன பாடங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தன. சட்டப் பகுதியாவது கைகொடுக்கும் என்று போனால், ஒவ்வொரு கேள்வியிலும் இவன் யார், எந்த ஊர், அண்ணன் தம்பியா என்று என் மனமே கேட்டது. இது அப்பா வைத்த வினை. கடைசி இரண்டு பத்திகளை நான் வாசிக்கக்கூட இல்லை, மணி அடித்துவிட்டது.

அதே மாதத்தில் முடிவு வந்தது. லீலா மேரி டீச்சர் போன வருடத்துக் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசிப் பட்டியல்வரை போனாலும் என் ரேங்குக்கு அங்கே இடம் வராது என்று மெதுவாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். வேறு காலேஜே இல்லையா, எழுந்து சாப்பிடு என்றார் அம்மா. ஏழு வருடத்துக்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார், என்ன சொல்வதென்று தெரியாமல், இந்தப் பரீட்சையை வைத்தவன் யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீட்டு போனதைவிட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. அந்த மனிதர் உயிராக வைத்திருந்த ஒன்றை எனக்காக விட்டிருந்தார், நான் அதற்குக் கைம்மாறாக ஒன்றும் கொண்டுவரவில்லை.

அப்பா கொல்லையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர். விசாரணையைத்தான் ஆரம்பித்தார்.

“இனிமே வரவே கூடாதுன்னு சொல்லிட்டாங்களா?”

“அப்புடில்லாம் இல்லப்பா. ரேங்கு பத்தல.”

“திரும்ப எழுதலாமா?”

“அடுத்த வருசம் எழுதலாம்.”

“எத்தன தரம்?”

“எத்தன தரம் வேணாலும்.” பதில் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருந்தது. “உங்களுக்கு அதெல்லாம் எதுக்குப்பா? எனக்காவத்தான கேஸ வுட்டீங்க. அதுவும் வீணாப் போச்சு, இதுவும் போச்சு.”

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

“எங்க போச்சு? தள்ளுபடி ஆனாத்தான பாப்பா போச்சுன்னு அர்த்தம். இது வாய்தா. வாய்தாவுக்குப் போயி யாராவது அழுவாங்களா?” என்றார். எழுந்துகொண்டே, “அடுத்த தேதி எப்பன்னு பாரு,” என்றார்.

அடுத்த தேதியை இன்னும் அறிவிக்கவில்லை என்றேன். அறிவித்திருப்பார்கள், சரியாகப் பார் என்றார். இப்போதுதான் ஒன்று முடிந்திருக்கிறது, அதற்குள் எப்படி அறிவிப்பார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் கையோடு கொடுத்துவிடுவார்கள், எனக்குத் தெரியாதா என்றார். இவரிடம் பேசி ஜெயிக்க முடியாது. நான் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, தேதி பார்ப்பதற்காகப் போனை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தேன். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.